அப்பாவின் கை சூம்புகிறது: கழுத்து எலும்பா, மோட்டார் நியூரான் நோயா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 58 வயது. எட்டு மாதமாக வலது கையில் பலம் குறைந்துகொண்டே வருகிறது, சட்டை பட்டன் போட முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. கழுத்து எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த டாக்டர் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். இன்னொரு டாக்டர், தசையை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே வரும் மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம் என்கிறார். சித்தப்பாவோ வெறும் நரம்புத் தளர்ச்சி, எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல, உங்களுக்கும் மூன்று மாதமாகக் கெண்டைக்கால் துடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக உங்கள் உண்மையான கேள்விகள் இரண்டு. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா? இது எனக்கும் வருமா?

நான் நரம்பியல் மருத்துவன். சென்னையில் படித்து, இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, அதில் பாதிக்கு மேல் அரசு மருத்துவமனையில். உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை. இந்த வகை நோய்களில் தொட்டுப் பார்ப்பதுதான் முக்கால்வாசிச் சோதனை. அதனால் இன்ன நோய் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் எதைக் கேட்கலாம், அவர் சொல்லும் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த நரம்புத் தளர்ச்சியை ஒதுக்கிவிடுவோம். பேருந்து நிலையச் சுவர்களிலும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களிலும் வாழ்கிற வியாதி அது. மருத்துவப் புத்தகத்தில் கிடையாது. கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் வராதது, சர்க்கரை நோயில் பாதம் எரிவது, ஆண்மை பற்றிய கவலை என எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப் பலகை. அந்தப் பெயரோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தசையின் பலம் முழுசாக இருக்கும். அவர்களுக்கு இருப்பது அசதி. அசதி வேறு, பலவீனம் வேறு. ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் மனச்சோர்விலும் உடம்பு முழுக்க ஓய்ந்துபோகும், ஆனால் எந்த வேலையையும் கஷ்டப்பட்டாவது செய்துவிடுவார். உண்மையான பலவீனத்தில் ஒரு குறிப்பிட்ட வேலை நின்றுபோகும்.

அதனால் ‘பலம் எப்படி இருக்கிறது’ என்று நான் கேட்பதே இல்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? கொடியில் துணி போடக் கை மேலே போகிறதா? இவை தோளும் இடுப்பும் சார்ந்த வேலைகள். இவை முதலில் நின்றால் தசை நோய் பக்கம் யோசிப்பேன். சோறு பிசைய வருகிறதா, பூட்டில் சாவி திரும்புகிறதா? இவை கை நுனி வேலைகள். நரம்பு பக்கம் யோசிப்பேன். நடக்கும்போது செருப்பு கழல்கிறதா? கழன்றது தெரிகிறதா, தெரியாமலே நாலடி போய்விடுகிறாரா? தெரிந்தே கழன்றால் பாதத்தைப் பிடித்து வைக்கும் தசைகளில் பலமில்லை. தெரியாமல் கழன்றால் உணர்வு நரம்பு போயிருக்கிறது. கயிறு கட்டிய ஷூ போடுகிறவர்களிடம் இந்தக் கேள்வி எடுபடாது, நம் ஊர் டாக்டர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்பது. உங்கள் அப்பாவிடம் பட்டன் நின்றுபோயிருக்கிறது, சதையும் வற்றியிருக்கிறது. இது அசதி கிடையாது. எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, காலம் போவதைத் தவிர.

வயலில் பம்ப்செட் ஓடவில்லை என்றால் நல்ல எலக்ட்ரீஷியன் எடுத்ததுமே மோட்டாரைக் கழற்ற மாட்டார். கரண்ட் எதுவரை வருகிறது என்று டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கள் வேலையும் அதேதான். மூளையின் மேற்பரப்பில் ஒரு நரம்பணு, அதன் நீண்ட இழை தண்டுவடம் வரை இறங்குகிறது. இதை மேல் நியூரான் என்போம். அங்கே அது இரண்டாவது நரம்பணுவுக்குச் சேதி சொல்கிறது. அந்தக் கீழ் நியூரானின் இழை தண்டுவடத்தை விட்டு வெளியே வந்து, கழுத்து அல்லது இடுப்பு எலும்புகளின் இடுக்கு வழியாக, கை கால் நரம்பில் ஓடித் தசையைத் தொடுகிறது. பாதத்துக்குப் போகும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். தசையைத் தொடும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தாண்டி, தசையைச் சுருங்கச் செய்கிறது. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: ‘பலமில்லை, சார்.’

அறுந்த இடத்தைப் பொறுத்து உடம்பு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மேல் நியூரான் கெட்டால் கை கால் விறைக்கும், சுத்தியலால் தட்டினால் ரிஃப்ளெக்ஸ், அதாவது தசை தானாக உதறுவது, தூக்கியடிக்கும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போகும். சதை அவ்வளவாக வற்றாது. கீழ் நியூரான் கெட்டால் எல்லாம் தலைகீழ்: தசை தொளதொளத்துச் சூம்பும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும், ரிஃப்ளெக்ஸ் போய்விடும். இளம்பிள்ளை வாதத்தில் நாம் பார்த்த சூம்பிய கால் இதற்கு உதாரணம். போலியோ வைரஸ் தண்டுவடத்தின் அந்தக் கீழ் நியூரான்களைச் சில நாட்களில் கொன்றுவிட்டு நின்றுவிடும். மோட்டார் நியூரான் நோய் அதே அணுக்களைத்தான் தொடுகிறது. ஆனால் மெதுவாக, நிற்காமல், மேல் நியூரானையும் சேர்த்துக்கொண்டு. சூம்பிய கையில் ரிஃப்ளெக்ஸ் போயிருக்க வேண்டும். அங்கே அது தூக்கியடித்தால் டாக்டர் முகம் மாறும். 1869இல் பாரிஸில் ஷார்க்கோ என்ற மருத்துவர் இந்த இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் கவனித்து இது தனி நோய் என்றார். நூற்றைம்பது வருடம் கழித்தும் அடிப்படைச் சோதனை அதுவேதான்.

இடத்தைவிடவும் எனக்குப் பயன்படுவது காலம். ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் விழுந்தால் பக்கவாதம். பேசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முந்தின நாள் கல்யாண விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த இளைஞன் காலையில் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தால் பொட்டாசியம் இறங்கியிருக்கும், தைராய்டையும் பார்க்க வேண்டும். சரிசெய்தால் அநேகமாக அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போவான். தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை தூக்க முடியாமல், பேச்சு குழறி வந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். பல் பட்ட தடம்கூடத் தெரியாது. வயிற்றுப்போக்கு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காலில் தொடங்கி, நாளுக்கு நாள் மேலே ஏறும் பலவீனம் குயில்லன்-பாரே என்ற நரம்பு நோய். 2025 தொடக்கத்தில் புனேயில் கொத்தாக வந்ததே, அது. அதிலும் மூச்சு தசை எந்த நேரமும் நிற்கலாம், வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காலையில் நன்றாக இருந்து, மாலையில் இமை தொங்கி, மென்று சாப்பிடும்போதே தாடை ஓய்ந்துபோனால் மயஸ்தீனியா என்ற நோய், அதற்கு மருந்து நன்றாகவே கேட்கும். மோட்டார் நியூரான் நோய் இந்த எதிலும் சேராது. அது மாதக் கணக்கில், ஒரு கையிலோ காலிலோ நாக்கிலோ தொடங்கி, பக்கத்து இடத்துக்குப் பரவும். ஏறி இறங்காது. நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வந்தால் நான் அந்த நோயை விட்டு விலகித்தான் யோசிப்பேன்.

சரி, உங்கள் அப்பாவின் கை. வற்றிய கையைப் பிடித்ததும் நான் முதலில் செய்வது முழங்கையின் உட்பக்கம் விரலை விட்டு நரம்பைத் தடவிப் பார்ப்பது. கயிறுபோலத் தடித்திருந்தால் தொழுநோய். ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். 2005இல் இந்தியா அறிவித்தது ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இல்லை’ என்பதுதான். உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். ஆனால் அதில் உணர்ச்சி போகும். உங்கள் அப்பாவுக்கு மரத்துப்போகவில்லை என்கிறீர்கள். டாக்டர் ஊசி முனையால் குத்திப் பார்த்து உறுதி செய்திருந்தால் அதை ஒதுக்கலாம். மணிக்கட்டில் நரம்பு இறுகினால் கட்டைவிரல் மேடு மட்டும் வற்றும், இரவில் கை மரத்து எழுப்பும். முழங்கையில் நரம்பு கெட்டால் சுண்டுவிரல் பக்கமும் சேர்ந்து போகும். இருபது வயதுப் பையனுக்கு ஒரு கை மட்டும் சூம்பினால் ஹிராயாமா நோய் இருக்கலாம். 1959இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது, இந்தியாவிலும் நிறையப் பார்க்கிறோம். சில வருடம் முன்னேறிவிட்டுத் தானாக நின்றுவிடும். 58 வயதில் அது பொருந்தாது.

இன்னொன்று கவனியுங்கள். மோட்டார் நியூரான் நோயில் கட்டைவிரல் பக்கச் சதை முதலில் வற்றி, சுண்டுவிரல் பக்க மேடு நெடுநாள் அப்படியே இருக்கும். கையை நடுவில் கோடு போட்டுப் பிரித்ததுபோலத் தெரியும். நீங்கள் எழுதியிருக்கும் குழி அந்தப் பக்கம்தான். இது ஒரு சாய்வு மட்டுமே, நிரூபணம் ஆகாது. கழுத்திலிருந்து வரும் கோளாறுகளிலும் சில சமயம் இப்படித் தோன்றும்.

இப்போது அந்தக் கழுத்துப் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பமெல்லாம் அங்கேதான். 58 வயதில் யார் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் தேய்மானம் இருக்கும். என் கழுத்திலும் இருக்கிறது. படம் தேய்மானத்தைக் காட்டும். கை அதனால்தான் சூம்பியது என்பதைக் காட்டாது. அதே சமயம் மறுபக்கமும் உண்மை: கழுத்தில் தண்டுவடம் உண்மையிலேயே நசுங்கினால் அந்த மட்டத்தில் கை சூம்பும், அதற்குக் கீழே கால் விறைக்கும். மேல் நியூரான், கீழ் நியூரான் இரண்டின் அடையாளமும் ஒரே ஆளிடம். மோட்டார் நியூரான் நோயைப் போலவே நடிக்கும். அப்படி நசுங்கியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது தவறு, போன பலம் திரும்பாமல் போகலாம். ஆபரேஷன் செய்து ஆறு மாதம் கழித்துப் பேச்சு குழற ஆரம்பித்ததும், ‘கத்தி வைத்ததால்தான் இப்படி ஆயிற்று’ என்று அழுதுகொண்டே வந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். கத்தியால் வந்ததில்லை, முதலிலிருந்தே மோட்டார் நியூரான் நோய்தான். சும்மா பார்த்துக்கொண்டிருந்து நடையே போன பிறகு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எப்படிப் பிரிப்பது? கழுத்துக்கு மேலே பார்க்க வேண்டும். கழுத்து எலும்பு எவ்வளவு தேய்ந்தாலும் நாக்கு சூம்பாது, ஏனென்றால் நாக்கின் நரம்பு கழுத்துக்கு மேலே மூளைத்தண்டிலிருந்து கிளம்புகிறது. டார்ச் அடித்து, நாக்கை நீட்டச் சொல்லாமல், வாய்க்குள் ஓய்வாக வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீட்டிய நாக்கு யாருக்கும் துடிக்கும். தாடையில் விரலை வைத்துத் தட்டினால் அது தூக்கியடிக்கிறதா என்பது அடுத்தது. அப்புறம் கரண்ட் டெஸ்ட், ஊசி டெஸ்ட் என்று சொல்வார்களே, அவை இரண்டு தனித்தனிச் சோதனைகள். முதலாவதில் நரம்பை வெளியிலிருந்து தூண்டி வேகத்தைப் பார்க்கிறோம். இரண்டாவதில் மெல்லிய ஊசியைத் தசைக்குள் விட்டு அதன் மின் ஓசையைக் கேட்கிறோம். வலிக்கும், பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி. அந்த ஊசி சூம்பிய கையோடு நிற்கக் கூடாது. நன்றாக இருக்கும் மறு கை, இரண்டு கால், முதுகெலும்பின் ஓரத்தில் மார்பு மட்டத்திலுள்ள தசை, தேவைப்பட்டால் நாக்கு எல்லாம் பார்க்க வேண்டும். அப்பா நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் தொடையில் நரம்பு செத்த அடையாளம் கிடைத்தால் கழுத்தை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. 2020இல் வெளியான, இந்த நோயை எப்படி உறுதி செய்வது என்று சொல்லும் கோல்ட் கோஸ்ட் வரையறை இதைச் சுருக்கமாக வைத்திருக்கிறது: நாளுக்கு நாள் கூடும் பலவீனம், உடம்பின் ஒரு பகுதியிலாவது மேல், கீழ் இரண்டு நியூரான் அடையாளமும், அல்லது இரண்டு பகுதிகளில் கீழ் நியூரான் அடையாளம், வேறு நோய்கள் இல்லை என்று சோதித்திருக்க வேண்டும். இந்த நோய்க்கு ‘ஆம்’ என்று சொல்ல இன்றுவரை ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. அதனால்தான் முதல் அறிகுறியிலிருந்து பெயர் வைக்கச் சராசரியாக ஒரு வருடம் போலப் போய்விடுகிறது, பணக்கார நாடுகளிலும்.

‘வேறு நோய்கள் இல்லை’ என்ற அந்தக் கடைசி வரி நான் சூடு பட்டுக் கற்றது. ரொம்ப வருடம் முன்பு நாற்பது வயது நெசவாளி ஒருவர் இடது மணிக்கட்டு தொங்கிப்போய் வந்தார். உணர்ச்சி முழுசாக இருந்தது, துடிப்பு இருந்தது. மோட்டார் நியூரான் நோய் என்று எழுதி, அவர் மனைவியைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியும்விட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே கையோடு வந்து நின்றார். கால் நன்றாக இருந்தது, பேச்சு நன்றாக இருந்தது. அந்த நோய் இவ்வளவு பொறுமையாக இருக்காதே என்று சோதனையைத் திரும்பச் செய்தோம். முதல் முறை முழங்கைக்குக் கீழேதான் நரம்பைத் தூண்டியிருந்தோம். இந்த முறை அக்குள் வரை மேலே போனபோது நடுவழியில் கரண்ட் நின்றது. பல இடத்து இயக்க நரம்பு அழற்சி என்ற வேறு நோய். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்றினோம், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், ஐந்து நாளில். லட்சக்கணக்கில் செலவு, நிதி சேர்க்க இரண்டு மாதம் ஆனது. மணிக்கட்டு தூக்கியது. முழுசாகத் திரும்பவில்லை, இரண்டு வருடம் வீணானதில் போனது போனதுதான். இது அரிதான நோய், ஆனால் மருந்து கேட்கும் நோய். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில், இப்படி நடுவழியில் கரண்ட் நிற்கும் ‘கண்டக்‌ஷன் பிளாக்’ தேடினார்களா, எந்த மட்டம் வரை தேடினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒருவேளை மோட்டார் நியூரான் நோய்தான் என்று ஆனால்? இணையத்தில் இரண்டு முதல் நான்கு வருடம் என்று படித்திருப்பீர்கள். மேலைநாட்டுக் கணக்கில் நடுவாந்தரமான ஆயுள் அது. பத்தில் ஒருவர் பத்து வருடம் தாண்டுகிறார். 1963இல், 21 வயதில் நோய் கண்டறியப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை இருந்தார். அவரை அளவுகோலாக வைக்கக் கூடாது, அவ்வளவு அபூர்வம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளில் பார்த்த 1153 பேரை அலசிய கட்டுரை 2008இல் வந்தது. நோய் தொடங்கிய சராசரி வயது 46, ஆயுள் ஒன்பது ஆண்டுக்கும் மேல் என்றது. நம் ஊரில் இளவயதில் தொடங்குகிறது என்பது என் அனுபவத்திலும் உண்மை. ஒன்பது ஆண்டு என்பதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம். மோசமானவர்கள் திரும்பி வராமல் கணக்கிலிருந்து விழுந்திருக்கலாம். தேடும்போது ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்ற பெயரும் கண்ணில் படும். 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது. பெரும்பாலும் தென்னிந்தியாவில், பதின்ம வயதில் தொடங்கி, காது கேளாமையும் முகத் தசைப் பலவீனமும் சேர்ந்து, பல பத்தாண்டுகள் மெதுவாகப் போகும். உங்கள் அப்பா கதை அதுவல்ல, குழம்ப வேண்டாம்.

ஏன் வருகிறது என்றால், பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருக்காது. செத்துக்கொண்டிருக்கும் நியூரான்களில் டி.டி.பி.-43 என்ற புரதம் இடம் மாறிக் கட்டியாகத் தேங்குவது 2006இல் தெரிந்தது. அது காரணமா, விளைவா என்று இன்னும் சண்டை. குவாம் தீவின் சமோரோ மக்களிடம் 1950களில் இந்த நோய் மற்ற இடங்களைவிடப் பல பத்து மடங்கு இருந்து, பிறகு குறைந்தது. அவர்கள் மாவாக்கிச் சாப்பிட்ட ஒருவகை ஈச்சைபோன்ற மரத்தின் விதையைச் சந்தேகித்தார்கள், இன்றுவரை தீர்ப்பு இல்லை. பூச்சிமருந்து, தலையில் அடி, கடும் உடலுழைப்பு என்று சந்தேகப் பட்டியல் நீளம். அப்பா முன்பு வயலில் மருந்தடித்தார், அதனால்தானோ என்று நீங்கள் யாரையும் நொந்துகொள்ள இதில் போதுமான ஆதாரம் இல்லை.

மருந்து: ரிலுசோல், 50 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு முறை. 1995இலிருந்து இருக்கிறது, இந்தியத் தயாரிப்பே கிடைக்கிறது, ஈரலை ரத்தப் பரிசோதனையில் கவனிக்க வேண்டும். சோதனைகளில் இரண்டு மூன்று மாத ஆயுளைக் கூட்டியது. போன பலத்தைத் திருப்பித் தராது. இதை முன்பே சொல்லாவிட்டால் ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். எடரவோன் என்ற ஊசி தேர்ந்தெடுத்த சிலருக்குக் கொஞ்சம் உதவியது, எனக்கு அதில் உற்சாகம் இல்லை. எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு உள்ள நூற்றில் இரண்டு பேருக்கு மட்டும் டோஃபர்சன், 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தண்டுவட நீரில் போடுவது. பி12 பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஜப்பானில் நோயின் ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கு மெத்தில்கோபாலமின் வேகத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் அங்கே போட்டது வாரத்துக்கு இரு முறை 50 மில்லிகிராம். மருந்துக்கடை மாத்திரையில் இருப்பது 1500 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராம். ஸ்டெம்செல் என்று லட்சங்களைக் கேட்பவரிடம் போகாதீர்கள். சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர வேறெதற்கும் அதை வழக்கமான சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) தன் 2017 நெறிமுறையில் ஏற்கவில்லை.

எல்லா மாத்திரையையும்விட அதிகம் தருவது ஒரு முகமூடிக் கருவி. 2006இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், தொண்டைத் தசை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு இரவில் பைபேப் என்ற அந்த மூச்சுக் கருவியை வைத்தது ஏறக்குறைய ஏழு மாதம் கூடுதலாகக் கொடுத்தது, தூக்கமும் நிம்மதியும் தனி. காலையில் தலைவலி, மல்லாந்து படுக்க முடியாமை, பகலில் தூங்கி விழுவது தெரிந்தால் நுரையீரல் டாக்டரிடம் போக வேண்டும், மூச்சிரைப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கருவி பல வீடுகளில் இருக்கிறது. மூச்சுத் தசை பலவீனத்தில் பைபேப் இல்லாமல் வெறும் ஆக்சிஜன் வைத்தால் கரியமில வாயு தேங்கி ஆள் மயங்கிப்போகலாம், டாக்டர் சொல்லாமல் வைக்காதீர்கள். விழுங்கச் சிரமம் வந்தால் முதலில் புரையேறுவது தண்ணீர்தான். கெட்டியான கேழ்வரகுக் கூழ் நன்றாக இறங்கும். எடை குறையக் கூடாது. சர்க்கரை இருக்கிறது என்று பத்தியம் இறுக்குவதைக் கூட டாக்டரிடம் பேசித் தளர்த்தலாம். வயிற்றில் குழாய் வைப்பதானால் மூச்சு நன்றாக இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்.

பேச்சு போகும் நிலைக்குத் தமிழ் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. 247 எழுத்தையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஒரு நோயாளியின் மகள் பழைய காலண்டர் அட்டையின் பின்னால் மேலே பன்னிரண்டு உயிர், கீழே பதினெட்டு மெய், ஓரத்தில் ஆய்தம் எழுதினாள். முதலில் மெய்யைக் கண்ணால் காட்டுவார், அப்புறம் உயிரை. க், ஆ என்றால் கா. ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. கடைசிவரை பேத்தியோடு சண்டை போட்டார் அந்த அட்டையை வைத்து. இந்த நோயில் கண் அசைவு அநேகமாகக் கடைசிவரை தப்பிவிடும். சிலருக்கு யோசனையும் சுபாவமும் மாறும், காரணமில்லாமல் சிரிப்பும் அழுகையும் பீறிடும். அதுவும் நோய்தான், மருந்து உண்டு.

இனி உங்கள் கெண்டைக்கால். துடிப்பு மட்டும், பலவீனம் இல்லை, சூம்பல் இல்லை என்றால் அது மோட்டார் நியூரான் நோயின் முகம் அல்ல. 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில் இப்படி வெறும் துடிப்போடு வந்த 121 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள், சிலரை முப்பது வருடம் வரை. ஒருவருக்கும் இந்த நோய் வரவில்லை. எனக்கே முதுநிலைப் படிப்பில் இந்த நோயைப் படித்த மாதம் இடது இமையும் இரண்டு கெண்டைக்காலும் துடித்தன. கூடப் படித்த மூன்று பேருக்கும் துடித்தன. தூக்கம் கெட்டால், காபி கூடினால், பயந்தால் துடிக்கும். குதிகாலில் பத்தடியும் கால்விரல் நுனியில் பத்தடியும் நடந்து பாருங்கள். அப்படி நடக்க முடிந்தால், சூம்புகிறதா என்று தினமும் கெண்டைக்காலை அளவெடுப்பதெல்லாம் வேண்டாம். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு, தைராய்டு, கால்சியம் பார்த்துக்கொண்டால் போதும். பரம்பரை விஷயத்தில்: அப்பாவுக்கு முன் குடும்பத்தில் இந்த நோயோ இளவயது மறதி நோயோ யாருக்கும் இல்லையென்றால் உங்களுக்கு வரும் வாய்ப்பு பொதுவான வாய்ப்பைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் சி9 மரபணுக் கோளாறு ஆசியர்களிடம் குறைவு. அப்பாவுக்கு நோய் உறுதியாகும் முன் உங்கள் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை.

ஆபரேஷன் தேதிக்கு முன் இரண்டு வாரம் இருக்கிறது என்கிறீர்கள். நடையில் தடுமாற்றமோ சிறுநீர் அடக்க முடியாமையோ இருந்தால் இன்றே அந்த அறுவை டாக்டரிடம் சொல்லுங்கள், அது கழுத்தைச் சந்தேகப்படும் அறிகுறி, இந்த நோய் பொதுவாகச் சிறுநீரைத் தொடாது. இல்லையென்றால் இந்த வாரமே நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ.யின் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படம் உள்ள சி.டி.யும் வேண்டும். பழைய கரண்ட் டெஸ்ட் தாள் இருந்தால் அதுவும். அப்பாவுக்கு எளிதாகக் கழற்றக்கூடிய சட்டையும் வேட்டியும் போட்டு அழைத்துப் போங்கள், தோளும் முதுகும் தொடையும் பார்க்க வேண்டியிருக்கும். நாக்கைப் பார்த்தாரா, தாடையைத் தட்டினாரா, ஊசி காலிலும் முதுகிலும் போட்டார்களா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் பதில்களை வாங்கிய பிறகு அறுவை டாக்டரையும் நரம்பியல் டாக்டரையும் ஒருவரோடு ஒருவர் போனில் பேசச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் அது.